சரண்டர்: கொடுத்தவர் இருக்கிறார், வாங்கியவர் எங்கே?

2019 ஜூலை 9. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் ஓர் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. ஆக்சிஜன் மாஸ்க் மாட்டிய முகத்தோடு ஸ்ட்ரெச்சரில் இறக்கப்பட்டவர், சரவண பவன் ஓட்டல்களை உருவாக்கிய பி.ராஜகோபால். பிரின்ஸ் சாந்தகுமார் கொலை வழக்கில் கீழ்க்கோர்ட் கொடுத்த பத்தாண்டு தண்டனையை 2009-ல் உயர் நீதிமன்றம் ஆயுளாக உயர்த்தியிருந்தது. 2019 மார்ச் 29 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்து, ஜூலை 7-க்குள் சரணடையச் சொன்னது. உடல்நிலை மோசமாக இருக்கிறது, அவகாசம் கொடுங்கள் என்று கடைசி நேரத்தில் மனுப் போட்டார். கிடைக்கவில்லை. அன்றே ஆம்புலன்ஸில் கிளம்பி வந்தார்.

ஒன்பது நாள் கழித்து, ஜூலை 18 அன்று, ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

ஊர் முழுக்கப் பேசியது அந்த ஸ்ட்ரெச்சரைப் பற்றித்தான். நாடகம் என்றவர்களும் உண்டு, பாவம் என்றவர்களும் உண்டு. கோர்ட்டுக்கு வருவதற்கு முன்பும் அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார். வந்துபோன பிறகும் ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் கிடந்தார். நடுவில் நடந்தது ஒரே ஒரு காரியம். இந்த ஆள் எங்களிடம் வந்துவிட்டார் என்று நீதிமன்றம் ஏட்டில் எழுதியது. அந்த வரிக்கு முன்னால் அவர் கெடு தாண்டிய குற்றவாளி. அதற்குப் பின்னால் சிறைத்துறையின் கைதி. வக்கீலை அனுப்பி அந்த வரியை எழுதவைக்க முடியாது. ஆளே வர வேண்டும்.

சரண் என்றதும் நம் கண் கொடுப்பவர் மேல்தான் போகிறது. தலை குனிந்தாரா, கண் கலங்கினாரா, கும்பிட்டாரா என்று பார்க்கிறோம். சட்டத்தின் கவனம் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. யார் வாங்கிக்கொண்டார், எத்தனை மணிக்கு, எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்? கொலை வழக்கில் தொடங்கி, எல்.ஐ.சி. பாலிசி, வாடகை வீட்டுச் சாவி, அரசு ஊழியரின் ஈட்டிய விடுப்பு வரை, சரண்டர் என்று நாம் சொல்லும் எல்லாமே கடைசியில் இந்த இடத்தில் வந்துதான் நிற்கிறது. வாங்கியவர் ஒப்புக்கொண்டால் எல்லாம் சரி. வாங்கவே இல்லை என்று அவர் கைவிரித்துவிட்டால்?

அந்த 24 மணி நேரம்

செய்தித்தாள் வாசிப்பவர்களுக்குப் பழகிப்போன சங்கதி இது. சென்னையில் கொலை நடக்கும். தனிப்படைகள் தேடிக்கொண்டிருக்கும். நாலாம் நாள், முந்நூறு நானூறு கிலோமீட்டர் தள்ளி ஏதோ ஓர் ஊர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஐந்து பேர் சரண். சம்பவத்துக்கும் அந்த ஊருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இதைத் திமிர் என்று நினைப்பவர்கள் அதிகம். வக்கீல்களைக் கேட்டால் கணக்குச் சொல்வார்கள். போலீஸ் ஒருவரைப் பிடித்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். அரசியல் சாசனத்தின் 22-வது பிரிவே அப்படித்தான் சொல்கிறது. தேடப்படும் ஆளுக்குப் பயமே அந்த 24 மணி நேரம்தான். பிடித்த நேரத்தை யார் எழுதுகிறார்கள்? எங்கே வைத்திருந்தார்கள்? வழுக்கி விழுந்து கை முறிந்தது என்ற வரி எப்படி வருகிறது? 2020-ல் சாத்தான்குளத்தில் போலீஸ் காவலில் அடிபட்ட தந்தையும் மகனும் இறந்ததைப் படித்தவர்களுக்கு இந்தப் பயத்தை விளக்க வேண்டியதில்லை. நேராகக் கோர்ட்டில் போய் நின்றால் அந்த ஒருநாள் வாழ்க்கையிலிருந்து கழன்றுவிடுகிறது. உடம்பில் காயம் இல்லை என்பதை ஒரு நீதிபதி தன் கண்ணால் பார்த்துவிடுகிறார். பிறகு ரிமாண்ட், சிறை. போலீஸுக்கு விசாரிக்க வேண்டுமென்றால் கஸ்டடி கேட்டு மனுப் போட்டு, காரணம் சொல்லி வாங்க வேண்டும். அதுவும் மொத்தம் 15 நாளுக்கு மேல் கிடையாது.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அந்த 15 நாள் என்பது ரிமாண்ட் ஆன முதல் 15 நாள்தான். அதற்குள் நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் கஸ்டடி போயே போச்சு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா இந்த ஓட்டையை அடைத்திருக்கிறது. அதே 15 நாளை இனி போலீஸ், குற்றத்தின் கனத்தைப் பொறுத்து முதல் 40 அல்லது 60 நாளுக்குள் பிரித்துப் பிரித்துக் கேட்கலாம். விசாரணை சரியாக நடக்க இது தேவை என்கிறார்கள் போலீஸ் தரப்பில். ஜெயிலுக்குள் போன பிறகும் பயம் முடிவதில்லை என்கிறார்கள் எதிர்த்தரப்பில். இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது.

கோர்ட்டில் வந்து நின்றால் போதுமா, போலீஸ் கைதுசெய்திருக்க வேண்டாமா? இந்தக் கேள்விக்கு 1980-ல் நிரஞ்சன் சிங் வழக்கில் பதில் எழுதியவர் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர். போலீஸ் கைவைக்காவிட்டாலும், ஒருவர் நீதிமன்றத்தில் ஆஜராகி அதன் உத்தரவுக்குக் கட்டுப்பட்டு நின்றுவிட்டால் அவர் சட்டத்தின் காவலில் இருப்பவரே. ஜாமீன் கேட்கும் தகுதி அப்போதே வந்துவிடுகிறது என்றார். வேடிக்கை என்னவென்றால், அந்த வழக்கில் கொலைக் குற்றம் சாட்டப்பட்டு கோர்ட்டில் வந்து நின்றவர்கள் போலீஸ்காரர்கள்! போலீஸ் கையில் சிக்காமல் சரணடையும் வழியை இந்த நாட்டுக்குத் தெளிவாக்கிக் கொடுத்தது போலீஸ்காரர்கள் மேல் வந்த வழக்குத்தான்.

போலீஸிடமே நேராகப் போய் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு 2024-ல் சென்னை ஓர் உதாரணம் பார்த்தது. பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் ஜூலை 5 அன்று பெரம்பூரில் வெட்டிக் கொல்லப்பட்டார். அன்றிரவே எட்டுப் பேர் சரண். உண்மையான ஆட்கள் இவர்கள் இல்லை என்று மாயாவதி சந்தேகம் கிளப்பினார். சரணடைந்தவர்களில் ஒருவர் ஜூலை 14 அதிகாலை, ஆயுதத்தை எடுத்துக் காட்ட அழைத்துச் சென்ற இடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். தப்பியோடி எங்களை நோக்கிச் சுட்டார், திருப்பிச் சுட்டோம் என்பது போலீஸ் சொன்னது. டம்மி ஆட்கள், என்கவுன்ட்டர் என்ற இரண்டு சந்தேகங்களும் ஒரே வழக்கில் வந்து சேர்ந்தது இப்படித்தான்.

தேதி வாங்குகிறவர்கள்

தண்டனை உறுதியான பிறகு சரணடைவது வேறு ரகம். அங்கே ஆள் யார் என்பதில் தகராறு இல்லை. எப்போது என்பதில்தான் இழுபறி.

2017 பிப்ரவரி 14 அன்று சொத்துக்குவிப்பு வழக்கில் தீர்ப்பு வந்தது. மறுநாள் அவகாசம் கேட்ட வி.கே.சசிகலாவுக்கு உச்ச நீதிமன்றம் ஒருநாள்கூடத் தரவில்லை. மெரினாவில் ஜெயலலிதா நினைவிடத்தில் மூன்று முறை ஓங்கி அறைந்து சபதம் செய்துவிட்டுக் காரில் பெங்களூரு கிளம்பினார். மாலையில் பரப்பன அக்ரஹாரா சிறை வளாகத்திலேயே நீதிபதி உட்கார்ந்து அவரைப் பெற்றுக்கொண்டார். முதல்வராவதற்காகச் சட்டமன்றக் கட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தவர், சாயங்காலம் கைதி எண்ணோடு உள்ளே போனார். அந்த அறை டி.வி.யில் ஆயிரம் முறை ஓடியது. கோர்ட் குமாஸ்தா எழுதிய வரியை யாரும் காட்டவில்லை, காட்டவும் முடியாது.

பில்கிஸ் பானு பாலியல் வன்கொடுமை வழக்கின் 11 குற்றவாளிகள் 2022 சுதந்திர தினத்தன்று விடுதலை செய்யப்பட்டு மாலை மரியாதையோடு வெளியே வந்தார்கள். 2024 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்துசெய்து, இரண்டு வாரத்தில் சிறைக்குத் திரும்பச் சொன்னது. உடனே மனுக்கள் வந்து குவிந்தன. ஒருவருக்கு மகன் கல்யாணம். இன்னொருவருக்கு வயலில் அறுவடை. வயதான பெற்றோர், ஆபரேஷன் என்று ஆளுக்கொரு காரணம். ஜனவரி 19 அன்று எல்லாவற்றையும் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 21-ம் தேதி இரவு, கெடு முடியச் சற்று நேரம் இருக்கும்போது, பதினொரு பேரும் கோத்ரா கிளைச்சிறைக்கு வந்து சேர்ந்தார்கள். கல்யாணமும் அறுவடையும் எல்லோர் வீட்டிலும் உண்டு. ஆனால், ஏழை ரிமாண்ட் கைதி எவரும் இந்தக் காரணங்களைச் சொல்லி உச்ச நீதிமன்றப் படியேறி நாம் பார்த்ததில்லை.

ஒரு மாநிலம் வாங்கியது, இன்னொரு மாநிலம் ஒப்பவில்லை

1983 பிப்ரவரி 12. மத்தியப் பிரதேசம், பிந்த் நகரம். மேடையில் காந்தி படமும் துர்க்கை படமும். ஆயிரக்கணக்கான ஜனங்கள் பார்த்திருக்க, காக்கி உடையும் சிவப்புச் சால்வையுமாக ஏறிவந்த ஒல்லியான பெண் துப்பாக்கியை உயர்த்திக் காட்டிவிட்டு முதல்வர் அர்ஜுன் சிங் முன்னிலையில் கீழே வைத்தார். பூலன் தேவி.

அவர் தேடப்பட்டது பெரும்பாலும் உத்தரப் பிரதேசத்தில். 1981-ல் பெஹ்மாய் கிராமத்தில் 20 பேர் கொல்லப்பட்ட வழக்கு அங்கேதான். உ.பி. போலீஸிடம் போனால் உயிர் மிஞ்சாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். எனவே எல்லை தாண்டி, மாதக்கணக்கில் பேரம் பேசி, ம.பி. அரசிடம் ஆயுதத்தைக் கொடுத்தார். தூக்கு கூடாது, எட்டு வருஷத்துக்கு மேல் சிறை கூடாது, குடும்பத்துக்கு நிலம் வேண்டும் என்பவை நிபந்தனைகள். நடந்தது என்ன? வழக்கு விசாரணையே இல்லாமல் பதினோரு வருஷம் உள்ளே இருந்தார். 1994-ல் உ.பி.யில் முலாயம் சிங் அரசு வழக்குகளை வாபஸ் வாங்க முடிவெடுத்த பிறகுதான் வெளியே வந்தார். வாங்கிக்கொண்டது ஓர் அரசு. வழக்கு வைத்திருந்தது இன்னோர் அரசு. முதல் அரசு கொடுத்த வாக்கு இரண்டாவது அரசைக் கட்டுப்படுத்தவில்லை. 1996-ல் எம்.பி. ஆனார்; 2001 ஜூலை 25 அன்று டெல்லியில் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

வாக்கு கட்டுப்படுத்திய கதையும் உண்டு. 1993 மும்பை குண்டுவெடிப்பு வழக்கின் அபு சலேமை 2005-ல் போர்ச்சுகல் ஒப்படைத்தபோது, தூக்கு கிடையாது, 25 வருஷத்துக்கு மேல் சிறை கிடையாது என்று இந்தியா எழுதிக் கொடுத்திருந்தது. பிறகு இங்கே ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம், நாடு கொடுத்த வாக்கு நாட்டைக் கட்டும், 25 வருஷம் முடிந்ததும் விடுவிக்க ஆவன செய்ய வேண்டும் என்றது. சம்பல் பள்ளத்தாக்குப் பெண்ணுக்குக் கிடைக்காத உறுதி மும்பை தாதாவுக்குக் கிடைத்தது. அவர் தரப்பில் ஓர் அயல்நாடு கையெழுத்துக்காரராக நின்றதுதான் வித்தியாசம்.

இன்றைய மாவோயிஸ்ட் சரண்களில் பேரம் வெளிப்படையாகவே அட்டவணை போட்டு நடக்கிறது. மத்திய அரசின் திட்டப்படி மேல்மட்டப் பொறுப்பாளருக்கு 5 லட்சம், மற்றவர்களுக்கு 2.5 லட்சம்; பணம் வங்கியில் வைப்பாக இருக்கும், மூன்று வருஷம் ஒழுங்காக இருந்தால் கைக்கு வரும். கொண்டுவரும் ஆயுதத்துக்குத் தனி விலை. 2025 அக்டோபரில் கட்சிரோலியில் மாவோயிஸ்ட் தலைவர் மல்லோஜுலா வேணுகோபால் ராவ் அறுபது பேரோடு மகாராஷ்டிர முதல்வர் முன்னிலையில் ஆயுதத்தைக் கொடுத்தார். அந்தப் படத்தில் இருப்பவர்கள் மேல் மற்ற மாநிலங்களில் உள்ள வழக்குகள் என்ன ஆகும் என்பதுதான் பூலன் தேவியை நினைவில் வைத்திருப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்வி.

ஜெனரலின் ரிவால்வர்

1971 டிசம்பர் 16 அன்று டாக்காவின் ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் போட்ட மேஜையும், அதில் குனிந்து கையெழுத்திடும் பாகிஸ்தான் ஜெனரல் நியாஸியும், பக்கத்தில் தலைப்பாகையோடு இந்தியத் தளபதி ஜக்ஜித் சிங் அரோராவும் இருக்கும் படத்தைப் பார்க்காதவர் குறைவு. ராணுவத்தினரும் மற்றவர்களுமாக 93,000 பேர் இந்தியாவின் பொறுப்பில் வந்தார்கள்.

அன்று காலை சரண் பத்திரத்தின் வரைவை எடுத்துக்கொண்டு டாக்காவுக்குப் பறந்தவர் மேஜர் ஜெனரல் ஜே.எஃப்.ஆர்.ஜேக்கப். போர்நிறுத்தம் பேசத்தான் வந்திருக்கிறார்கள் என்று நியாஸி நினைத்துக்கொண்டிருந்ததாகவும், யோசிக்க முப்பது நிமிஷம் கொடுத்துவிட்டு வெளியே பைப் புகைத்தபடி நடந்ததாகவும் ஜேக்கப் பின்னாளில் எழுதினார். அவர் எழுதியதில் சுவையான இடம் வேறு. கையெழுத்து முடிந்ததும் நியாஸி இடுப்பிலிருந்து ரிவால்வரை எடுத்து அரோராவிடம் கொடுத்தார். பிறகு ஜேக்கப் அதைப் பிரித்துப் பார்த்தால், குழல் முழுக்க அழுக்கு. வருஷக்கணக்கில் துடைக்காத ஆயுதம். ஒரு ஜெனரலின் துப்பாக்கி இப்படி இருக்காது, யாரோ சிப்பாயுடையதை வாங்கி மாட்டிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டார் என்று ஜேக்கப்புக்குத் தோன்றியது. அடிபணியும் நேரத்திலும் நியாஸி எதையோ மிச்சம் பிடித்துக்கொண்டார்!

1945 செப்டம்பர் 2 அன்று மிசௌரி போர்க்கப்பலில் ஜப்பான் சரணடைந்தபோது தவறு செய்தது ஜெயித்த பக்கம். ஜப்பானுக்குரிய பிரதியில் கனடா பிரதிநிதி ஒரு கோடு தள்ளிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அடுத்து வந்த நாடுகள் எல்லாம் ஒரு கோடு கீழே இறங்க வேண்டியதாயிற்று. ஜப்பானியர்கள் அந்தக் காகிதத்தை வாங்க மறுத்து நின்றார்கள். அமெரிக்க ஜெனரல் ஒருவர் பேனாவை எடுத்து, அச்சடித்திருந்த நாட்டுப் பெயர்களை அடித்துத் திருத்தி எழுதிக் கொடுத்த பிறகே ஒப்புக்கொண்டார்கள். அணுகுண்டில் இரண்டு நகரங்களை இழந்த நாடு, காகிதம் சரியாக இருக்க வேண்டும் என்று கேட்டதில் நியாயம் இருக்கிறது. தோற்றவனுக்கு மிஞ்சும் பாதுகாப்பு அந்தக் காகிதம் ஒன்றுதான்.

ஏனென்றால் போர்ச் சட்டம் சரணடைந்தவரை வாங்கியவரின் பொறுப்பில் விடுகிறது. ஆயுதத்தைக் கீழே போட்டவரைக் கொல்லவோ காயப்படுத்தவோ கூடாது என்று 1907 ஹேக் விதிகள் சொல்கின்றன. ஜெனிவா ஒப்பந்தங்கள் உள்நாட்டுப் போருக்கும் இதே காப்பைக் கொடுக்கின்றன. தமிழர்களுக்கு இது புது நியாயம் இல்லை. சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்ற இடைக்குலப் பெண்ணிடம் அடைக்கலம் கொடுக்கிறார். அதற்கென்று ஒரு காதையே இருக்கிறது. கோவலன் கொலைப்பட்டு மதுரை எரிந்த பிறகு, அடைக்கலத்தைக் காக்கத் தவறினேன் என்று மாதரி தீயில் விழுந்து இறந்தாள். குற்றம் செய்தவன் அரசன். வாங்கியவள் தான் என்பதற்காக அவள் கணக்குத் தீர்த்தாள்.

வட்டுவாகலில் வாங்கியவர்கள் அப்படி இருக்கவில்லை.

2009 மே 18. இலங்கையின் முல்லைத்தீவு, வட்டுவாகல் பாலம். போர் முடிந்துவிட்டது, புலிகள் அமைப்பில் ஒருநாள் இருந்தவர்களும் பதிந்துகொள்ளுங்கள் என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பு. அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப் பெயர்களைத் திரட்டி, ஒரு கூட்டத்தை இராணுவத்திடம் அழைத்துச் சென்றதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். திருகோணமலை அரசியல் துறைப் பொறுப்பாளராக இருந்த எழிலன் தன் கண் முன்னால்தான் சரணடைந்தார், பேருந்தில் ஏற்றிச் சென்றார்கள் என்று அவருடைய மனைவி அனந்தி சசிதரன் தொடர்ந்து சொல்லிவருகிறார். அந்தப் பாதிரியாரும் திரும்பவில்லை. அதே நாள், வெள்ளைக்கொடியோடு வந்ததாகச் சொல்லப்படும் புலிகளின் தலைவர்கள் நடேசனும் புலித்தேவனும் கொல்லப்பட்டது பற்றி ஐ.நா. விசாரணை அறிக்கைகள் பேசுகின்றன. இன்னொரு பக்கம், ஏறத்தாழ 12,000 பேர் புனர்வாழ்வு முகாம்களுக்குச் சென்று வெளியே வந்தார்கள். ஆக, சிலருக்குப் பதிவு இருந்தது. சிலருக்கு இல்லை.

குடும்பங்கள் ஆட்கொணர்வு மனுக்களோடு நீதிமன்றம் போயின. சரணடைந்தவர்களின் பட்டியல் இருக்கிறது என்று 2015-ல் முல்லைத்தீவு நீதிமன்றத்தில் இராணுவ அதிகாரி ஒருவர் சாட்சியம் சொன்னார். கொண்டுவாருங்கள் என்றது நீதிமன்றம். வந்தது, புனர்வாழ்வு பெற்றவர்களின் பட்டியல். 2019-ல் தகவல் அறியும் சட்டத்தில் கேட்டதற்கு இன்னும் விநோதமான பதில்: இராணுவத்திடம் எவரும் சரணடையவில்லை, அவர்கள் சரணடைந்தது அரசாங்கத்திடம்! 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் கொட்டகை போட்டு உட்கார்ந்த தாய்மார் கேட்பது இழப்பீடோ அனுதாபமோ இல்லை. பிணத்தைத் தேடுகிறோம் என்று அவர்கள் சொல்வதுமில்லை. எங்கள் கையால் கையளித்தோம், நீங்கள் வாங்கினீர்கள், எங்கே என்று சொல்லுங்கள். அவ்வளவுதான் கேள்வி. பந்தலில் பிள்ளைகளின் படத்தை ஏந்தி உட்கார்ந்திருந்த பெற்றோர் ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டு மாதத் தவணை

சட்டம் சரண் என்ற சொல்லை மிக மென்மையாகக் கையாளும் இடமும் ஒன்று உண்டு. பெற்ற பிள்ளையை வளர்க்க முடியாதவர்கள் அதை ஒப்படைப்பது பற்றி 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 35-வது பிரிவு பேசுகிறது. உடல்நிலை, மனநிலை, சமூக நிலை எதுவாக இருந்தாலும் காரணம் தாயின் கைமீறியதாக இருந்தால் போதும். குழந்தையோடு மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் வர வேண்டும். தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட அந்தக் குழு முதலில் பேசிப் பார்க்கும். அப்புறம்தான் ஒப்படைப்புப் பத்திரம். கையெழுத்துப் போட்ட பிறகும் முடிந்துவிடுவதில்லை: மனம் மாற இரண்டு மாதம் தவணை. அதற்குள் வந்து கேட்டால், குழு விசாரித்துவிட்டுப் பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கலாம். தவணை முடியும்வரை குழந்தையைத் தத்துக்குக் கொடுக்க முடியாது. தாயின் பெயர் வெளியே வராது.

1992-ல் பெண் சிசுக்கொலையைத் தடுக்க சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் இதற்கு முன்னோடி. இரவில் யாரும் பார்க்காமல் தொட்டிலில் விட்டுப் போகலாம் என்பதே அதன் ஏற்பாடு. அன்றைய நிலைமைக்கு உயிரைக் காத்தது. ஆனால், தொட்டிலில் விட்டுப்போன தாய் மறுவாரம் மனம் மாறினால், அது தன் பிள்ளைதான் என்பதற்கு அவளிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. குழுவின் முன் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவது கேவலம் என்று பல பெண்கள் தயங்குகிறார்கள். அவர்களிடம் சொல்ல வேண்டியது, திரும்பி வரும் வழியே அந்தக் கையெழுத்தில்தான் இருக்கிறது என்பதை.

சாவி, பாலிசி, பாஸ்போர்ட்

வாடகை வீட்டுக்காரர்களுக்கு இந்த விவகாரம் வேறு ரூபத்தில் தெரியும். காலி செய்துவிட்டேன் என்பார் குடியிருந்தவர். சாவி என் கைக்கு வரவில்லையே என்பார் வீட்டுக்காரர். மூன்று மாத வாடகை அட்வான்ஸில் கழிந்துவிடும். 1882 சொத்து மாற்றுச் சட்டத்தில் குத்தகை முடியும் வழிகளில் ஒன்று சரண். அதற்கு இரண்டு தரப்பும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்கிறது 111-வது பிரிவு. சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு ஊருக்குப் போவது சரண் ஆகாது. வீட்டுக்காரர் வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பி வைத்துக்கொள்வது நல்லது. சுவரின் வெள்ளையடிப்புக் கணக்கு அதற்கப்புறம்.

எல்.ஐ.சி. ஏஜென்ட்டைக் கேட்டால் இந்த வார்த்தையைக் காதால் கேட்கவே பிடிக்காது என்பார். அவசரத்துக்குப் பாலிசியை சரண்டர் செய்பவர்கள், கட்டியதைவிடக் குறைவாகக் கைக்கு வந்ததும் ஏமாந்த முகத்தோடு திரும்புவது பழைய காட்சி. முன்பெல்லாம் ஒரே ஒரு வருஷம் பிரீமியம் கட்டிவிட்டு நிறுத்தினால் மொத்தமும் போய்விடும். 2024 அக்டோபர் 1 முதல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அதை மாற்றியது. முதல் வருஷ பிரீமியம் முழுதாகக் கட்டி ஒரு வருஷம் முடிந்திருந்தால் அதற்கும் சரண்டர் மதிப்பு உண்டு. இருந்தாலும், பணத்தட்டுப்பாடு தற்காலிகம் என்றால் பாலிசி மேல் கடன் வாங்குவதும், கட்டியவரை போதும் என்று பெய்ட்-அப் ஆக விட்டுவிடுவதும் பெரும்பாலும் லாபம். பாண்டைக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்த நிமிஷமே ஆயுள் காப்பு போய்விடுகிறது. தவணை, மனமாற்றம் எதுவும் அங்கே கிடையாது.

பாஸ்போர்ட் சரண்டரில் இன்னும் வினோதம். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிய நொடியில் 1955 குடியுரிமைச் சட்டத்தின் 9-வது பிரிவுப்படி இந்தியக் குடியுரிமை தானாகவே போய்விடுகிறது. அப்படியும் நீல அட்டைப் புத்தகத்தைத் தூதரகத்தில் கொடுத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். அது இல்லாமல் ஓ.சி.ஐ. அட்டை கிடைப்பது கஷ்டம். 2022-ல் 2,25,620 பேரும், 2023-ல் 2,16,219 பேரும் இந்தியக் குடியுரிமையை விட்டதாக அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. அவர்களில் பலர் ரத்து முத்திரை குத்தி மூலை வெட்டிய பழைய பாஸ்போர்ட்டை இன்னும் பீரோவில் வைத்திருப்பார்கள்.

தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் இந்த வார்த்தைக்குச் சிரித்த முகம். சரண்டர் போட்டாச்சா என்று ஒருவர் கேட்டால் எந்தப் போலீஸும் திரும்பிப் பார்ப்பதில்லை. வருஷத்துக்கு 15 நாள் ஈட்டிய விடுப்பை அரசிடம் கொடுத்துவிட்டுச் சம்பளமாக வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு அது. பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ், தீபாவளி, நகைக்கடன் வட்டி எல்லாம் அந்தப் பணத்தை நம்பியே இருக்கும். 2020-ல் கொரோனாவைக் காரணம் காட்டி நிறுத்தினார்கள். 2025 மார்ச் பட்ஜெட்டில், 2026 ஏப்ரல் முதல் மறுபடி தருவோம் என்றார்கள், சங்கங்கள் விடவில்லை, அடுத்த மாதமே சட்டப்பேரவையில் முதல்வர் ஸ்டாலின் அதை 2025 அக்டோபர் 1-க்கு முன்னுக்கு இழுத்து அறிவித்தார்.  வாங்க மாட்டேன் என்று அரசு சொல்லிவிட்டால் விடுப்பைக் கொடுக்க வழி ஏது?

விவரம் தெரிந்த சூப்பிரண்டெண்டுகள் பணம் கணக்கில் ஏறியதும் சும்மா இருக்கமாட்டார்கள். பணிப் பதிவேட்டை எடுத்துவரச் சொல்லி, 15 நாள் கழிக்கப்பட்டிருக்கிறதா, அதிகாரி சுருக்கொப்பம் இட்டிருக்கிறாரா என்று பார்ப்பார்கள். ஓய்வுபெறும்போது இருப்பில் உள்ள விடுப்பில் 240 நாள் வரைக்கும் காசு வாங்கலாம். பதிவு விட்டுப்போயிருந்தால் அப்போதுதான் தணிக்கைக் குறிப்பு வரும். பதிவு செய்ய மறந்த கிளார்க் அதற்குள் வேறு மாவட்டத்துக்கு மாறுதலாகிப் போயிருப்பார்.